கோடைக்குப் பாய்மரப் படகு: எந்தத் தண்ணீர், எந்தப் படகு?

மார்ச் பிறந்தால் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் கோடை வகுப்பு விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். நீச்சல், செஸ், கீபோர்டு, ரோபோட்டிக்ஸ் என்று நீளும் அந்த வரிசையில் பாய்மரப் படகுக்கும் இடம் உண்டு என்பது சென்னையிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ குழப்பம். துறைமுகத்தில் சேர்ப்பதா, ஹைதராபாத்தில் சித்தி வீட்டில் தங்கவைத்து ஏரியில் கற்றுக்கொடுப்பதா, சென்னையை அடுத்த கோவளத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) போதுமா, ஒரு வாரமா ஒரு மாதமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் இதை அலசியிருக்கிறேன். அதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கோடை முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது முகாம் நடக்கும் மே மாதத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்த ஜூனைப் பாருங்கள். பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளையால் மறுபடி படகேற முடியுமா? முடியும் என்றால் அந்த இடம் நல்ல இடம். முடியாது என்றால், எவ்வளவு அழகான தண்ணீராக இருந்தாலும் அது ஒரு சுற்றுலாதான். நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில்தான் தொடங்கினார். அதற்கு முன் பரதநாட்டியம், டென்னிஸ், கூடைப்பந்து என்று பலதையும் தொட்டுப் பார்த்த பிள்ளை அவர். 2021இல், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அந்த முகாமில் ஏதோ மாயம் நடந்துவிடவில்லை. முகாம் முடிந்த பிறகும் அதே ஊரில், அதே தண்ணீரில், தொடர்ந்து ஓட்ட அவருக்கு வழி இருந்தது.

சரி, துறைமுகத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் படகோட்டம் என்றால் பெரும்பாலும் துறைமுகத்துக்கு உள்ளேதான். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அப்போது மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர். இன்றைக்கும் கிளப் இருப்பது துறைமுகத்துக்குள், ஸ்பிரிங்ஹேவனில். இந்தப் பழங்கதையை நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஆதியில் துறைமுகத்தின் வாய் கிழக்கே, கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. அலையும் மணலும் நேராக உள்ளே வந்தன. ஸ்பிரிங் காலத்தில்தான் அதை அடைத்து வடகிழக்குப் பக்கம் புது வாய் வைத்தார்கள். அதனால்தான் வெளியே கடல் குமுறிக்கொண்டிருக்கும் நாளிலும் உள்ளே எட்டு வயதுப் பிள்ளை படகு விடுமளவுக்குத் தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. அலை இல்லை, ஆனால் காற்று கடல்காற்று. புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல சேர்க்கை கிடைப்பது கஷ்டம்.

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எந்த பேட்சில் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் காலைக் காற்று மேற்கிலிருந்து, தரைப் பக்கமிருந்து வரும். சூடான காற்று, ஒரே சீராக வீசாது. திடீரென்று ஒரு வீச்சு, பிறகு ஒன்றுமே இல்லை. பத்து பதினோரு மணிக்கு மேல் தரை காய்ந்து அதன்மேல் இருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். தென்கிழக்கிலிருந்து வீசும் இதுதான் நம் கடல்காற்று. வந்துவிட்டால் சாயங்காலம் வரை நின்று வீசும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று ஒரு மணி, இரண்டு மணி வரைகூடத் தாமதமாகும். நகரம் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிப்பது அந்த நாட்களில்தான்.

இதனால் காலை பேட்சில் வெயில் குறைவு, காற்றும் குறைவு. மதிய பேட்சில் காற்று நன்றாக இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். பத்து வயதுக்குக் கீழே என்றால் யோசிக்காமல் காலை பேட்ச். அந்த வயதில் படகு மெதுவாக நகர்ந்தாலே போதும். சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது கைக்குப் பழகவேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டுக்கு மேல், கொஞ்சம் உடல்வலு உள்ள பிள்ளைக்கு முதல் வாரம் காலையும் அப்புறம் பிற்பகலும் என்று மாற்றிக்கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முகாம் முழுக்கக் காலைக் காற்றில் மட்டுமே பழகியவன், முதல்முறை நல்ல கடல்காற்றைச் சந்திக்கும்போது பயந்துபோவான். முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு போட்ட தொப்பி, சன்ஸ்கிரீன், இரண்டு லிட்டர் தண்ணீர். இதில் எதுவும் விட்டுப்போகக்கூடாது.

துறைமுகத்தின் தொல்லைகளையும் மறைக்கப்போவதில்லை. அது பாதுகாக்கப்பட்ட பகுதி. நுழைவுச் சீட்டு வேண்டும், அடையாள அட்டை வேண்டும், பெற்றோரை உள்ளே விடுவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் சாலையில் காலை நேரத்தில் போய்ச்சேர்வதே ஒரு வேலை. துறைமுகத் தண்ணீர் நீச்சல்குளத் தண்ணீர் அல்ல. எண்ணெய்ப் படலம் மிதக்கும், பிளாஸ்டிக் மிதக்கும். கவிழ்ந்து எழுந்த பிள்ளையைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலில் புண், சிராய்ப்பு இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறக்கவேண்டாம்.

இவ்வளவும் இருந்தும் நான் துறைமுகத்தின் பக்கம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், சென்னைக்கு நல்ல படகோட்டக் காலம் தொடங்குகிறது. மழை குறைவு, காற்று உண்டு. முகாமில் ஆசை பிடித்துக்கொண்ட பிள்ளை, வடகிழக்குப் பருவமழை வருகிற அக்டோபர் வரைக்கும் வார இறுதிகளில் போய்வரலாம். மேற்குக் கடற்கரையில் இது நேர்மாறு. மும்பையிலோ கோவாவிலோ மே மாதம் கற்றுக்கொண்டால், ஜூனில் பருவமழை இறங்கியதும் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். கற்ற சூடு ஆறுவதற்குள் நான்கு மாத இடைவெளி. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். இங்கிருந்து பிள்ளையை அனுப்புவதற்கு அது நல்ல காரணமாகாது.

ஏரியை ஆதரிப்பவர்களின் வாதம் லேசானதல்ல. கடல் இல்லாவிட்டால் பாய்மரப் படகு எப்படி என்று கேட்பவர்களுக்கு நேஹா தாக்கூரின் பெயரைச் சொன்னால் போதும். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பெண். படகு கற்றது போபாலில், படா தாலாப் என்ற பெரிய ஏரியில். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 4 என்ற, ஒருவர் மட்டும் ஓட்டும் படகில் வெள்ளி வாங்கினார். கடற்கரையே இல்லாத மாநிலத்திலிருந்து வந்த பதக்கம் அது.

ஏரியில் என்ன லாபம் என்றால், கரை நான்கு பக்கமும் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் கடைசியில் ஒரு கரையில்தான் போய் முட்டவேண்டும். கப்பல் போக்குவரத்து இல்லை, உப்பு இல்லை. பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஹைதராபாத்தின் ஹுசைன் சாகரில் ராணுவத்தின் இஎம்இ (மின்னணு, இயந்திரப் பொறியியல்) பிரிவின் பாய்மரப் படகுச் சங்கமும் ஹைதராபாத் யாட் கிளப்பும் இருக்கின்றன. ஏரி நடுவே நிற்கும் புத்தர் சிலையைச் சுற்றிப் படகுகள் போவதை நெக்லஸ் ரோட்டில் நின்றே பார்க்கலாம். பெங்களூரில் அல்சூர் ஏரியில் ராணுவப் பொறியாளர் பிரிவினர் படகோட்டுகிறார்கள். அது பெரும்பாலும் அவர்களுடைய தண்ணீர், வெளியார் பிள்ளைகளுக்கு எளிதல்ல.

ஏரியின் குறை காற்றில் இருக்கிறது. சுற்றிலும் கட்டடம், மரம். காற்று அவற்றில் மோதித் திரும்பி, பத்து அடிக்கு ஒரு திசையாக வீசும். இதையே சிலர் நன்மையாகச் சொல்வார்கள். திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்றில் பழகியவனுக்குக் கூர்மை அதிகம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அது இரண்டாம் ஆண்டுக்காரனுக்கு உண்மை. முதல் வாரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, தான் செய்தது தப்பா, காற்று மாறிவிட்டதா என்றே புரியாது. போதாக்குறைக்கு மே மாதத்தில் தக்காண ஏரிகளில் காற்று பெரும்பாலும் சோம்பிக்கிடக்கும். ஹைதராபாத்தில் காற்றின் காலம் பருவமழைக் காலம். அங்கே மழைக்காலப் பந்தயமே ஜூலையில்தான் நடக்கிறது. விடுமுறைக்குப் போன சென்னைப் பிள்ளை அதற்குள் ஊர் திரும்பிவிடும். ஆகவே ஹைதராபாத்தில் குடியிருப்பவர்களுக்கு ஹுசைன் சாகர் மிக நல்ல தேர்வு. சென்னைக்காரர்களுக்கு, தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பிள்ளையாக இருந்தால் மட்டும்.

இடத்தை முடிவு செய்தபின் படகு. இங்கேதான் பெற்றோர் அதிகம் யோசிப்பதில்லை, கொடுத்த படகில் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு இந்த விளையாட்டு பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பாதி தீர்மானிப்பது படகுதான்.

ஆப்டிமிஸ்ட் என்பது ஒரு பிள்ளை மட்டும் ஓட்டுகிற, மூக்கு மழுங்கின சின்னப் படகு. அமெரிக்காவில் புளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் வடிவமைத்தார். நீளம் 2.3 மீட்டர் சொச்சம், எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். பதினைந்து வயது வரைக்குமான படகு. பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. கரையில் நின்று அரை மணி நேரம் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். பாயின் ஓரத்தைப் பாய்மரத்தோடு சின்னச் சின்னக் கயிறுகளால் பிள்ளையே கட்டவேண்டும். எல்லா முடிச்சும் ஒரே அளவு இறுக்கமாக இருக்கவேண்டும். ஒன்று தளர்ந்தாலும் பாயில் சுருக்கம் விழும், பயிற்சியாளர் வந்து தட்டிக்காட்டுவார், அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டும். பாயின் மேல் மூலையைத் தூக்கிப்பிடிக்கக் குறுக்கே ஒரு கழி. அதை எவ்வளவு தள்ளுவது என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. கரையிலேயே காற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது பிள்ளை.

அப்புறம் தண்ணீருக்குள். கவிழ்த்துப் பழகுவது எந்த நல்ல முகாமிலும் முதல் சில நாட்களுக்குள் நடந்துவிடும். படகை வேண்டுமென்றே சாய்க்கச் சொல்வார்கள். பாய் தண்ணீரில் படுக்கும், பிள்ளை உள்ளே விழும். கையில் இருக்கும் பாய்க்கயிற்றை விடாமல் படகைச் சுற்றி நீந்திப்போய், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்டு பலகையைப் பிடித்துத் தொங்கவேண்டும். உடல் எடையில் படகு மெல்ல நிமிரும். நிமிர்ந்த படகு நிறையத் தண்ணீர். உள்ளே காற்றுப் பைகள் இருப்பதால் மூழ்காது. ஏறி உட்கார்ந்து, பிளாஸ்டிக் கேனை வெட்டிச் செய்து படகோடு கட்டிவைத்திருக்கும் மொள்ளியால் தண்ணீரை இறைத்துக்கொட்டவேண்டும். முதல்முறை அழுத பிள்ளை மூன்றாம் முறை தானாகவே கவிழ்க்கும். பயம் உடைகிற அந்த ஒரு நாளுக்காகவே கட்டணம் கட்டலாம் என்பேன். கவிழ்த்துப் பழக்காமலேயே முகாமை முடித்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளை கற்றுக்கொண்டது படகில் உட்கார மட்டும்தான்.

ஐம்பது கிலோவைத் தாண்டிய, உயரமான பதினான்கு வயதுப் பிள்ளையை ஆப்டிமிஸ்டில் திணிக்காதீர்கள். முழங்கால் மோவாயில் இடிக்கும். தன்னைவிடக் குட்டிப் பிள்ளைகள் முந்திப்போவதைப் பார்த்து ஒரே வாரத்தில் வெறுத்துவிடும். அந்த வயதுக்கு ஐஎல்சிஏ, முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட படகு. நீளம் 4.2 மீட்டர். ஒரே படகுக்கு மூன்று அளவுப் பாய் உண்டு. சின்னது 4.7 சதுர மீட்டர், பெரியது ஏழு. பிள்ளை வளர வளரப் பாயை மாற்றிக்கொள்ளலாம், படகை மாற்றவேண்டியதில்லை. மேல்தளம் மூடியிருப்பதால் கவிழ்ந்தால் இறைக்கும் வேலையும் இல்லை. நிமிர்த்தினால் தானே தண்ணீர் வடியும். ஒலிம்பிக்கில் நேத்ரா ஓட்டியது நடு அளவுப் பாய். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஓட்டியது பெரிய பாய். ஆனால் வேகம் அதிகம், பாயின் அடி ஓரத்தைத் தாங்கும் பூம் கழி தலைக்கு மேல் விசையோடு திரும்பும். மெலிந்த பிள்ளைக்கு முதல் கோடையிலேயே இது வேண்டாம்.

இரண்டு பேர் ஓட்டும் படகுகள் தனி ரகம். என்டர்பிரைஸ், 420, அதற்கு மேலே 29இஆர். அண்ணன் தங்கையாகவோ தோழிகளாகவோ சேர்கிறவர்களுக்கு இது இனிக்கும். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 29இஆர் படகில் வெண்கலம் வாங்கிய வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் சென்னைப் பெண்கள். ஒருவர் சுக்கான், ஒருவர் முன்பாய் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதால் தனியாக இருக்கும் பயம் கிடையாது. எனக்கு இதில் ஒரே ஒரு தயக்கம்தான். ஆரம்ப முகாமில் இரண்டு பேர் படகில் எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளை சுக்கானைப் பிடித்துக்கொள்ளும், மற்றது கயிற்றைப் பிடித்தபடி முகாமே முடிந்துவிடும். தினமும் இடம் மாற்றிவிடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனிப்படகே மேல். சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது பின்னாலிருந்து பிடித்தவர் கையை விட்ட கணத்தில்தானே பிள்ளைக்கு சைக்கிள் வருகிறது. ஆப்டிமிஸ்டில் அந்தக் கணம் முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

கோவளம் பக்கம் போவோம். மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியால் அந்த ஊருக்கே ஒரு பேர் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. உள்ளூர் மீனவ இளைஞர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடலைப் படிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அலை பிடிக்கும் பிள்ளைக்கு அது தாராளமாகத் தகும். ஆனால் படகோட்டத்துக்கு மாற்றாக அதை நினைக்கவேண்டாம். இரண்டும் வெவ்வேறு வித்தை. அலைச்சறுக்கில் நீங்கள் அலையோடு பேசுகிறீர்கள், பாய்மரப் படகில் காற்றோடு. காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்மரப் படகும் போகமுடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் ஒரு பக்கம் போய், திருப்பி, மறுபக்கம் போய், அப்படியே வளைந்து வளைந்துதான் எதிர்க்காற்றை ஏறமுடியும். அந்தக் கணக்கு பிள்ளையின் தலைக்குள் உட்காருவது அலைச்சறுக்கில் கிடைக்காது.

பலகைமேல் நின்று துடுப்புப் போடுவது, பாய் கட்டிய பலகையில் போகும் விண்ட்சர்ஃபிங் இரண்டையும் கடற்கரையில் கற்றுக்கொடுக்கும் இடங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மே மாதக் காலையில் வீசுவது தரைக்காற்று என்று சொன்னேன் அல்லவா. கரையில் நிற்கும்போது கடல் கண்ணாடி மாதிரி தெரியும், ஆபத்தே இல்லை என்று தோன்றும். அந்தக் காற்று பிள்ளையைக் கடலுக்குள்ளே தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரத்தான் கஷ்டம். துறைமுகத்தில் என்றால் கிழக்கே மதில் இருக்கிறது. திறந்த கடற்கரையில் அப்படி எதுவும் இல்லை. இயந்திரப் படகு ஒன்று தண்ணீரில் தயாராக நிற்காத இடத்தில் காலை வகுப்பில் சேர்க்காதீர்கள்.

பெரிய யாட்டில் இரண்டு மணி நேரம் கடலுக்குள் அழைத்துப்போகும் சுற்றுலாவும், முட்டுக்காடு படகுத்துறைச் சவாரியும் பயிற்சி அல்ல. பிறந்தநாளுக்குக் கூட்டிப்போங்கள், சந்தோஷமாக இருக்கும். பெரிய படகில் நெடுந்தூரம் போகும் ஆசை சில பிள்ளைகளுக்கு உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, இருவர் மட்டுமே பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். அந்த ஆசைக்கும் முதல் படி சின்னப் படகுதான். சின்னப் படகில் தப்பு செய்தால் படகு உடனே சொல்லிவிடும். பெரிய படகு சொல்வதற்கு நேரமாகும்.

எத்தனை நாள் என்பதில் என் கருத்து உறுதியானது. ஐந்து நாள் முகாமில் கயிறும் முடிச்சும் கற்பதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். அதில் ஒரு நாள் காற்றே இல்லாமலும் போகலாம். மூன்று வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நடத்தும் இடம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் வாடிய பிள்ளைக்கு இடையில் ஓய்வு கிடைக்கும், விதவிதமான காற்றும் கிடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் தண்ணீரோரம் ஒருமுறை போய் நின்று பாருங்கள். எத்தனை படகுக்கு ஒரு பாதுகாப்புப் படகு, அதை ஓட்டுகிறவர் பயிற்சியாளரா, அல்லது பயிற்சியாளர் கரையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறாரா? மிதவைச் சட்டையை உங்கள் பிள்ளைக்கு மாட்டி, வார்களை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறிவந்தால் அது பெரிய அளவு, தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் வார் இருக்கவேண்டும். பூம் கழி இடிக்கும் வயதில் ஹெல்மெட் கேட்பது வெட்கப்படவேண்டிய விஷயமல்ல. நீச்சல் முக்கியம்தான், ஆனால் வேகமாக நீந்தவேண்டியதில்லை. உடுத்திய துணியோடு ஐம்பது மீட்டர் பதறாமல் போகத் தெரிந்தால் போதும். அது வராத பிள்ளைக்கு ஏப்ரல் முழுக்க நீச்சல்குளம், மே மாதம் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் படகு வாங்குவதைப் பற்றி முதல் இரண்டு வருடம் யோசிக்கவே வேண்டாம், கிளப் படகே போதும்.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் துறைமுக மதிலை ஒட்டியே வளரும் மீனவப் பிள்ளைகளை இந்த முகாம்களில் அவ்வளவாகக் காணமுடிவதில்லை. அவர்களுடைய தாத்தாக்கள் படகுக்கு வெளியே மாட்டும் இயந்திரம் வருவதற்கு முன்னால் கட்டுமரத்தில் பாய் விரித்து, கச்சான், கொண்டல் என்று காற்றின் திசை பார்த்துக் கரை வந்தவர்கள். பழவேற்காட்டில் இன்றும் பாய் விரித்த படகுகள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், முகாம் நடப்பதும் அதே நாட்களில்தான். ஒவ்வொரு முகாமிலும் அந்தக் குப்பங்களுக்கென்று நான்கைந்து இடம் கட்டணமின்றி ஒதுக்கினால் கிளப்புகளுக்கு நஷ்டமில்லை. சேர்க்கப் போகும் பெற்றோர் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம்.

முகாம் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. என்சிசியின் கடற்படைப் பிரிவு. பள்ளி மாணவர்கள், ஆண் பெண் இருபாலரும் சேரலாம். துடுப்புப் படகு, பாய்மரப் படகு, கொடி சமிக்ஞை, கப்பல் மாதிரி செய்தல் எல்லாம் அதில் உண்டு. கோடை முகாம் மாதிரி தினமும் தண்ணீரில் இருக்கமுடியாது, வருடத்தில் சில முகாம்களில்தான் படகு கிடைக்கும். ஆனால் இரண்டு மூன்று வருடம் தொடரும், பெரிதாகக் கைக்காசு பிடிக்காது. உங்கள் பள்ளியில் இருப்பது தரைப்படைப் பிரிவா கடற்படைப் பிரிவா என்பதை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்க்கை பெரும்பாலும் பள்ளி திறந்த முதல் வாரங்களிலேயே முடிந்துவிடும். எட்டாம் வகுப்பிலேயே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.